பிரெஞ்சுத் தையல் சரியாக வரவில்லையா? கோளாறைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

மல் துணியில் தைத்த ஜப்லாவை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள். பக்கத் தையலின் உள்ளே மடங்கியிருக்கும் விளிம்பு மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில் ரிப்பன் போல இறங்கினால் வேலை சுத்தம். ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் தெரிந்தால், அல்லது தையலுக்கு வெளியே மயிரிழை போல நூல் நீட்டிக்கொண்டிருந்தால், எங்கேயோ தவறியிருக்கிறது. எங்கே என்று கண்டுபிடிக்கத்தான் இதை எழுதுகிறேன்.

வீட்டில் உட்கார்ந்து பச்சைக் குழந்தைகளுக்கான உடுப்பும் பருத்திக் குர்த்தியும் தைத்துக் கொடுக்கிறேன். சிலருக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். அவர்கள் கொண்டுவந்து காட்டும் பிரெஞ்சுத் தையல்களில் முக்கால்வாசிக்கு நோய் ஒன்றுதான். பிழை கண்ணில் படுவது இரண்டாவது தையலில். பிழை நடந்தது அதற்கு முன்பு, முதல் தையலுக்கும் இரண்டாவது தையலுக்கும் நடுவே, கத்திரியும் இஸ்திரிப் பெட்டியும் வேலை செய்ய வேண்டிய இடத்தில். இரண்டாவது தையலைப் பிரித்து மறுபடி அடித்தால் அதே பிழை மறுபடி வரும். அதனால் கீழே ஒவ்வொரு கோளாறுக்கும் நடுவில் என்ன விட்டுப்போனது என்றுதான் முதலில் பார்க்கப்போகிறோம்.

முறையை ஒருதடவை சொல்லிவிடுகிறேன். தையலுக்கு அரை இஞ்ச் விட்டு வெட்டியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். துணியின் உள்பக்கம் இரண்டும் ஒன்றையொன்று பார்க்க, நல்ல பக்கம் வெளியே தெரிய வைத்து, ஓரத்திலிருந்து கால் இஞ்சில் முதல் தையல். பிறகு அந்த கால் இஞ்சை அரைக்கால் இஞ்சாக வெட்டிக் குறைக்க வேண்டும். தேய்க்க வேண்டும். பிறகு திருப்பி, நல்ல பக்கம் உள்ளே போக மடித்து, மறுபடி தேய்த்து, மடிப்பு ஓரத்திலிருந்து கால் இஞ்சில் இரண்டாவது தையல். கால் இஞ்சும் கால் இஞ்சும் அரை இஞ்ச், கணக்கு சரி. அச்சிட்ட பேட்டர்னில் ஒன்றரை சென்டிமீட்டர் விட்டிருந்தால் முதல் தையலை 9 மில்லிமீட்டரிலும் இரண்டாவதை 6 மில்லிமீட்டரிலும் போடுங்கள். வெட்டிக் குறைப்பது அப்போதும் அரைக்கால் இஞ்ச்தான், அதாவது 3 மில்லிமீட்டர்.

நாம் பிரெஞ்சு என்று சொல்லும் இந்தத் தையலை பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலத் தையல் என்கிறார்கள். எந்த ஊர்ப் பெயரில் அழைத்தாலும், வெட்டிய விளிம்பு நாலு பக்கமும் துணிக்குள் மூடிக்கிடக்கும் என்பதுதான் இதன் குணம். ஓவர்லாக் நூல் குழந்தையின் தோலில் உரசாது. மெல்லிய துணியில் வெளியிலிருந்து பார்த்தாலும் அசிங்கமாகத் தெரியாது.

நல்ல பக்கத்தில் நூல் நீட்டிக்கொண்டிருக்கிறது

அதிகம் பேர் சொல்வது இதைத்தான். தையல் நேராக இருக்கும், அகலமும் சரியாக இருக்கும். ஆனால் வெளியே தையல் கோட்டின் பள்ளத்தில் ஆங்காங்கே இரண்டு மூன்று இழைகள் பூனை மீசை போல நிற்கும். வெள்ளையில் வெள்ளை என்றால் தப்பித்தோம். சிவப்பும் மஞ்சளும் கலந்த சுங்குடியில் பத்தடி தள்ளி நின்றாலும் தெரியும்.

முதலில் ஸ்கேலை எடுத்து உள்ளே பாருங்கள். இரண்டாவது தையல் மடிப்பு ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளி ஓடுகிறது? கால் இஞ்சுக்குக் குறைவாக ஓடிய இடங்களில்தான் மீசை இருக்கிறதா? அப்படியென்றால் வெட்டியது சரி, ஓட்டியதுதான் நகர்ந்துவிட்டது. சீராக கால் இஞ்ச் ஓடியிருந்தும் மீசை நெடுக இருக்கிறதென்றால் வெட்டிக் குறைத்தது போதவில்லை. உள்ளே இருக்கும் விளிம்பு இரண்டாவது தையலைத் தாண்டி வெளியே வந்துவிட்டது.

வெட்டியது போதவில்லை என்றால் உடனே அளவைச் சந்தேகப்படுவோம். என் அனுபவத்தில் அளவை விட நேரம்தான் காரணம். ஒரு குர்த்தியின் இரண்டு பக்கம், இரண்டு கை, தோள், எல்லாவற்றுக்கும் முதல் தையலைப் போட்டு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வெட்டிக் குறைத்து, சாப்பிட்டுவிட்டு வந்தோ மறுநாளோ இரண்டாவது தையலைத் தொடங்குவார்கள். அதற்குள் வெட்டிய விளிம்பு பிசிறிவிடும். தொட்டுத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் ஒரு இழை கழன்று வெளியே வரும். அரைக்கால் இஞ்சில் வெட்டியது, திருப்பும்போது கால் இஞ்ச் நீளத்துக்குப் பிசிறோடு நிற்கும். ஜார்ஜெட்டும் ஆர்கன்சாவும் இதில் ரொம்ப மோசம், கையில் எடுக்கும்போதே உதிரும்.

அதனால் ஒரு தையலுக்கு ஒரு தடவை என்று வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். வெட்டு, தேய், திருப்பு, தேய், அடி. அது முடிந்தபிறகு அடுத்த பக்கம். வெட்டும்போது கத்திரியின் நீளமான அலகால் இரண்டு துணியையும் சேர்த்து ஒரே இழுப்பில் வெட்டுங்கள். சின்னக் கத்திரியால் நறுக்கி நறுக்கிப் போனால் விளிம்பு படிப்படியாக நிற்கும், ஒவ்வொரு படியிலும் ஒரு இழை கழலும். வெட்டி முடித்ததும் விளிம்பை உள்ளங்கையால் ஒருதடவை வழித்துவிடுங்கள். கழலப்போகிற இழை அப்போதே கையோடு வந்துவிடும்.

முதல் தையலையே அரைக்கால் இஞ்சில் போட்டுவிட்டால் வெட்டும் வேலை மிச்சம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. போடாதீர்கள். அவ்வளவு ஓரத்தில் மெல்லிய துணியை மெஷினின் பல் (ஊசிக்கு அடியில் துணியை நகர்த்துவது) சரியாகப் பிடிக்காது. பிடித்தாலும், வெட்டுமேசையிலேயே பிசிறிப்போன பழைய விளிம்பு அப்படியே உள்ளே போகும். கால் இஞ்சில் தைத்துவிட்டுக் குறைப்பதே அந்தப் பிசிறை எறிவதற்குத்தான்.

ஏற்கெனவே தைத்து முடித்த உடுப்பில் மீசை வந்துவிட்டதா? நூலைப் பிடித்து இழுக்க வேண்டாம். இழுத்தால் பக்கத்து இழையும் தளரும். இரண்டாவது தையலைப் பிரிக்கவும் வேண்டாம். நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளை ஊசி முனையால் உள்ளே தள்ளி, பழைய தையலிலிருந்து மாகாணி இஞ்ச், அதாவது பதினாறில் ஒரு பங்கு, உடுப்பின் பக்கமாகத் தள்ளி இன்னொரு தையல் ஓட்டுங்கள். இழைகள் அதற்குள் அடைபடும். பழைய தையல் உள்ளே மறைந்துவிடும், வெளியே ஒரு கோடுதான் தெரியும். ஆனால் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத் தையலில் முன்துண்டும் பின்துண்டும் தலா மாகாணி இஞ்ச் இழக்கும். இரண்டு பக்கமும் செய்தால் சுற்றளவில் கால் இஞ்ச் போய்விடும். தொளதொள நைட்டிக்கு அது ஒன்றுமில்லை, உடம்பைப் பிடிக்கும் உடுப்புக்கு யோசியுங்கள்.

உள்ளே அகலம் மாறி மாறி வருகிறது, தையல் முறுக்கிக்கொள்கிறது

வெளியே பார்த்தால் பரவாயில்லை போலத் தோன்றும். உள்ளே திருப்பினால் ஒரு சாண் தூரத்துக்கு அகலம், அடுத்த சாணுக்கு ஒல்லி. தொங்கவிட்டால் பக்கம் நேராக விழாமல் லேசாக முறுக்கும்.

இதற்குக் காரணம் மடிப்பு. திருப்பி மடிக்கும்போது முதல் தையலின் நூல் கோடு சரியாக மடிப்பின் நுனியில் உட்கார வேண்டும். அது நுனிக்கு வராமல் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றால், ஒரு துணி கூடுதலாக மடங்கி உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். நீங்கள் மடிப்பு ஓரத்திலிருந்து அளந்து ஓட்டுகிறீர்கள். ஓரமே தப்பான இடத்தில் இருந்தால் அளவும் தப்பும். முன்துண்டு ஒரு அளவும் பின்துண்டு ஒரு அளவும் தையலுக்குள் போக, பக்கம் முறுக்கும்.

தேய்ப்பதில் ஒரு வரிசை இருக்கிறது. முதல் தையல் போட்டதும் துணியைப் பிரிக்காமல் தைத்த நிலையிலேயே தையல் மேல் ஒருதடவை தேய்க்க வேண்டும். நூல் துணிக்குள் அமுங்கி உட்காரும். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பிறகு விரித்து, வெட்டிய விளிம்பை ஒரு பக்கமாகச் சாய்த்துத் தேய்க்க வேண்டும். அதன் பிறகுதான் நல்ல பக்கம் உள்ளே போக மடிப்பது. மடிக்கும்போது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தையலை வைத்து, பீடி சுற்றுகிற மாதிரி முன்னும் பின்னும் உருட்டுங்கள். தையல் நூல் சட்டென்று நுனிக்கு வருவது விரலுக்குத் தெரியும். வந்த இடத்தைப் பிடித்துக்கொண்டே நாலு விரல் அகலத்துக்குத் தேய்த்து, அடுத்த நாலு விரல் அகலத்துக்குப் போங்கள். பருத்தி என்றால் லேசாகத் தண்ணீர் தெளித்தால் மடிப்பு கத்தி போல நிற்கும். பாலியெஸ்டர் ஜார்ஜெட்டுக்குச் சூட்டைக் குறைத்து, மேலே ஒரு பருத்தித் துணியைப் போட்டுத் தேயுங்கள். வெட்டிய துண்டு ஒன்றில் சோதித்துப் பார்க்காமல் உடுப்பில் பெட்டியை வைக்கவே வேண்டாம்.

கரண்ட் இல்லையென்றால் நகத்தால் கீறி மடிக்கலாம். மல் துணியிலும் வாயில் என்ற மெல்லிய பருத்தித் துணியிலும் அது போதும். ஜார்ஜெட்டில் நிற்காது, அதற்குக் கைத்தையலால் ஓட்டுத்தையல் போட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தேய்த்தது சரியாக இருந்தும் அகலம் மாறுகிறதென்றால், துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டைக் கவனியுங்கள். உள்ளே அரைக்கால் இஞ்சுக்கு விளிம்பு ஒரு மேடாக இருக்கிறது. ஃபுட்டின் வலது கால் அந்த மேட்டின் மேலே நிற்கும், இடது கால் கீழே வெறும் இரண்டு துணி மேல் நிற்கும். சாய்ந்து நிற்கிற ஃபுட் துணியை ஒரு பக்கமாகத் தள்ளும். வேகமாக மிதித்தால் தள்ளுவது அதிகமாகும். மெதுவாக மிதியுங்கள், துணியை இரண்டு பக்கமும் தட்டையாக விரித்துப் பிடியுங்கள். ஊசி இறங்கும் இடம் மேட்டின் மேலே இருக்கக் கூடாது, மேடு முடிந்த இடத்தைத் தாண்டி, மடிப்பு ஓரத்திலிருந்து கால் இஞ்சில் இருக்க வேண்டும். ஆள்காட்டி விரல் நகத்தை மேட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டே ஓட்டிப் பழகினால் கண்ணை விட நகம் நன்றாகச் சொல்லும். ஒற்றைக் கால் உள்ள ஜிப் ஃபுட்டைப் போட்டும் ஓட்டலாம்.

தையல் நெடுக சுருக்கம் விழுகிறது

சுருக்கம் எப்போது வந்தது என்பதை முதலில் யோசியுங்கள். மெஷினிலிருந்து எடுத்தபோதே இருந்ததா, துவைத்த பிறகு வந்ததா?

எடுத்தபோதே இருந்தால் ஊசியைக் கழற்றி எண்ணைப் பாருங்கள். நம் வீட்டுக் கறுப்பு மெஷின்களில் பெரும்பாலும் 16-ஆம் எண் ஊசி வருடக்கணக்காகக் குடியிருக்கும். பாப்ளினுக்கும் பேன்ட் துணிக்கும் ஓடிய அதே ஊசி மல் துணியில் இறங்கினால் இழைகளை ஒதுக்கித் தள்ளிக்கொண்டு இறங்கும். தள்ளப்பட்ட இழைகள் நெருங்கி நிற்பதுதான் சுருக்கம். மல், வாயில், ஜார்ஜெட்டுக்கு 9 அல்லது 11 போடுங்கள். கேம்பிரிக்குக்கு 11. முனை மழுங்கிய ஊசி எந்த எண்ணாக இருந்தாலும் வேண்டாம். துணியில் குத்தும்போது டப் டப் என்று சத்தம் கேட்டாலே மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

ஊசி சரியென்றால் பாபின். பாலியெஸ்டர் நூலை பாபினில் முழு வேகத்தில் சுற்றினால் நூல் இழுபட்டு நீண்டு ஏறும். தைத்த பிறகு தன் பழைய நீளத்துக்குச் சுருங்கும், துணியையும் சேர்த்துச் சுருக்கும். பாபினை நிதானமாகச் சுற்றுங்கள். பிறகு டென்ஷனை, அதாவது நூலின் இறுக்கத்தை, தளர்த்துங்கள், மேலேயும் கீழேயும் இரண்டையும். மேல் டென்ஷனை மட்டும் தளர்த்தினால் மேல்நூல் கீழ்ப்பக்கம் வந்து வளையம் வளையமாக நிற்கும். தையல் நீளம் இஞ்சுக்கு 10 முதல் 12 வரை இருக்கட்டும். மெல்லிய துணிக்குப் பொடித் தையல்தான் அழகு என்று 16, 18 என்று வைத்தால் அத்தனை நூலும் துணிக்குள் போய் அடைத்துக்கொண்டு சுருக்கும்.

துவைத்த பிறகு வந்த சுருக்கத்துக்கு மெஷினில் மருந்து கிடையாது. பருத்தி சுருங்கியது, பாலியெஸ்டர் நூல் சுருங்கவில்லை. பிரெஞ்சுத் தையலில் இது சாதாரணத் தையலை விடக் கூடுதலாகத் தெரியும், ஏனென்றால் நாலு அடுக்கும் இரண்டு தையலும் ஒரே இடத்தில் இருக்கின்றன. வெட்டுவதற்கு முன்பே துணியை ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் நிழலில் காயப்போட்டு, லேசான ஈரத்தில் தேய்த்துவிட்டுத்தான் மார்க் போட வேண்டும். கஞ்சி போட்டு வரும் கைத்தறித் துணியை ஊறவைக்காமல் தொடவே கூடாது. சாயம் போகிற சுங்குடி என்றால் தனி வாளியில் கல் உப்புப் போட்டு ஊறவையுங்கள், மற்ற துணியோடு கலக்காதீர்கள்.

பழைய வேட்டியில் ஜப்லா தைக்கும்போது இந்தத் தொல்லையே வராது. பிறந்த குழந்தைக்குப் பழந்துணிதான் முதலில் போட வேண்டும் என்று நம் வீடுகளில் சொல்வதில் தையல்காரிக்கும் ஒரு லாபம் உண்டு. நூறு தடவை துவைத்த வேட்டி இனிமேல் சுருங்க ஒன்றுமில்லை. ஆனால் வருடக்கணக்காக மடித்துவைத்த மடிப்புக் கோட்டில் துணி இற்றுப்போயிருக்கும். வெளிச்சத்தில் பார்த்து அந்தக் கோட்டை விட்டு வெட்டுங்கள்.

தொடங்கும்போதே துணியைப் பல் விழுங்குகிறது

துணியின் முனையில் ஊசியை இறக்கினால் ஊசி ஓட்டைக்குள் துணியையும் இழுத்துக்கொண்டு போகும். ஒரு துண்டுத் துணியில் தையலைத் தொடங்கி, நிறுத்தாமல் உடுப்பின் மேல் ஏறுங்கள். முடிந்ததும் துண்டை வெட்டிவிடலாம். தொடங்கும்போது மேல்நூல் கீழ்நூல் இரண்டையும் பின்னால் இழுத்துப் பிடித்திருங்கள். ஆர்கன்சாவுக்கு அடியில் மெல்லிய வெள்ளைத்தாள் வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்து எடுக்கலாம். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். மெல்லிய துணியில் ரிவர்ஸ் அடித்து முடிச்சுப் போடுவதையும் விட்டுவிடுங்கள். நூலை நீளமாக விட்டுக் கையால் முடிச்சுப் போட்டால் முனை தட்டையாக இருக்கும்.

தையல் கயிறு மாதிரி தடித்து நிற்கிறது

இது உங்கள் பிழையாக இல்லாமல் துணியின் தேர்வாக இருக்கலாம். துணியை நாலாக மடித்து விரலால் நசுக்கிப் பாருங்கள். நசுக்கிய பிறகும் மேடாக எழுந்து நின்றால் அதற்கு பிரெஞ்சுத் தையல் வேண்டாம். தடித்த செட்டிநாட்டுப் பருத்தி, ட்ரில், டெனிம் எல்லாம் இதில் சேரும். அவற்றுக்கு ரன் அண்ட் ஃபெல் போடுங்கள். ஒரு பக்க விளிம்பை வெட்டிக் குறைத்து, மறு பக்க விளிம்பால் அதைச் சுற்றி மூடி, துணியோடு படியவைத்து அடிக்கும் தையல் அது. ஜீன்ஸ் காலின் உள்பக்கம் இரட்டைக் கோடாகப் பார்த்திருப்பீர்கள். விளிம்பு அதிலும் மூடித்தான் இருக்கும், ஆனால் தட்டையாகக் கிடக்கும்.

துணி மெல்லியதாக இருந்தும் கயிறு போல வந்தால் அகலம் போதவில்லை. மொத்தத் தையலும் அரைக்கால் இஞ்சுக்குள் வர வேண்டும் என்று ஆசைப்பட்டு உள்ளே விளிம்பைத் திணித்திருப்பீர்கள். கால் இஞ்ச் அகலத்தில் தட்டையாகப் படிகிற தையல்தான் கண்ணுக்கு மெல்லியதாகத் தெரியும்.

அக்குளில் இழுத்துப் பிடிக்கிறது

ஜப்லாவைக் கையும் உடம்பும் ஒன்றாக, மெகியார் வெட்டில் வெட்டியிருப்போம். அக்குளில் வளைவு உள்நோக்கிக் குழியும். தைத்துத் திருப்பினால் அந்த இடத்தில் நட்சத்திரம் போலச் சுருக்கம் விழுந்து, குழந்தை கையைத் தூக்க முடியாமல் துணி இழுக்கும்.

வளைவான ஓரத்தில், வெட்டிய விளிம்புக் கோடு உள்ளே இருக்கும் தையல் கோட்டை விட நீளம் குறைந்தது. பிரெஞ்சுத் தையலில் முதல் தையல் விளிம்புக்கு அருகில் இருக்கிறது, அதனால் அதுவும் குட்டை. இரண்டாவது தையல் நீளமாக இருக்கிறது. குட்டையானது நீளமானதைப் பிடித்து இழுக்கிறது. வளைவு எவ்வளவு கூர்மையோ அவ்வளவு இழுக்கும்.

வெட்டும்போதே இதை யோசிக்க வேண்டும். அக்குளை L எழுத்து மாதிரி வெட்டாமல் ஒரு டம்ளரின் அடி வளைவு போல விரித்து வெட்டுங்கள். முதல் தையலில் அந்த வளைவு வரும்போது தையல் நீளத்தைக் கொஞ்சம் குறைத்து ஓட்டுங்கள். விளிம்பைக் குறைத்த பிறகு, வளைவில் மட்டும் மூன்று நாலு இடத்தில் கத்திரி முனையால் கீறிவிடுங்கள். தையலுக்கு ஒரு இழை முன்னாலேயே நிறுத்த வேண்டும். திருப்பித் தேய்க்கும்போது ஈரம் தொட்டு, வளைவை இரண்டு கையாலும் மெல்ல விரித்துப் பிடித்துத் தேயுங்கள். அந்த இடம் கிராஸாக, அதாவது இழைக்குக் கோணலாக, வெட்டுப்பட்டிருப்பதால் கொஞ்சம் நீண்டு கொடுக்கும். இரண்டாவது தையலையும் அந்த இடத்தில் மட்டும் கால் இஞ்சுக்கு ஒரு நூலிழை குறைவாக ஓட்டினால் போதும், மீசை வராத அளவுக்கு.

தனிக் கை வைக்கும் ஆர்ம்ஹோலுக்கு நான் பெரும்பாலும் பிரெஞ்சுத் தையல் போடுவதில்லை. சாதாரணத் தையல் போட்டு, அதே துணியில் கிராஸ் பட்டி வெட்டி விளிம்பைச் சுற்றி மூடிவிடுவேன். பக்கத்தில் பிரெஞ்சும் கையில் கிராஸ் பட்டியும் ஒரே உடுப்பில் இருந்தால் குறை ஒன்றும் இல்லை. வளைவை வற்புறுத்தினால் அது அணிகிறவர் உடம்பில்தான் இழுக்கும்.

இரண்டு தையல் சந்திக்கும் இடத்தில் கட்டி, ஊசி உடைகிறது

முன்னால் போட்ட தையலின் மடிப்பும் இப்போது போடும் மடிப்பும் ஒரே பக்கம் சாய்ந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஒன்றை முன்பக்கமும் மற்றதைப் பின்பக்கமும் சாய்த்துத் தேயுங்கள். சந்திப்பில் உள்ளே போகும் மூலையை முக்கோணமாகக் கிள்ளி எடுத்துவிடுங்கள். அந்த அரை இஞ்ச் தூரத்தை மிதிக்காமல் கைச்சக்கரத்தால் சுற்றிக் கடந்துவிடுங்கள்.

உடுப்பு சின்னதாகிவிட்டது

சாதாரணத் தையலில் அரை இஞ்ச் விட்டு அரை இஞ்சில் அடிப்பீர்கள். இங்கே முதல் தையலையே பழக்கத்தில் அரை இஞ்சில் அடித்துவிட்டு, இரண்டாவதையும் கால் இஞ்சில் அடித்தால் ஒரு துண்டுக்கு கால் இஞ்ச் கூடுதலாகப் போகும். முன் பின் இரண்டு துண்டு, இரண்டு பக்கம், மொத்தம் ஒரு இஞ்ச் சுற்றளவு காணாமல் போயிருக்கும். நிறையப் பேர் இதைத் துணி சுருங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இதைப் பிரித்துச் சரிசெய்யவும் முடியாது. விளிம்பை வெட்டி எறிந்தாயிற்று, பெரிதாக்க உள்ளே துணி இல்லை. இதனால்தான் சேலை ஜாக்கெட்டின் பக்கத்துக்கு இந்தத் தையல் வேண்டாம் என்று கேட்டுவருபவர்களிடம் சொல்கிறேன். ஜாக்கெட்டில் ஒரு இஞ்ச், ஒன்றரை இஞ்ச் உள்ளே விட்டு இரண்டு மூன்று கோடு தையல் போடுவது, உடம்பு கூடினால் ஒரு கோட்டைப் பிரித்துப் போட்டுக்கொள்ளத்தான். பிரசவத்துக்குப் பிறகும் அதே ஜாக்கெட்டைப் போட முடிவது அந்த ஒரு கோட்டால். அதை அழகுக்காக வெட்டி எறிந்துவிட்டால் பிறகு வருத்தப்பட வேண்டியிருக்கும். வளர்கிற பிள்ளையின் பாவாடைச் சட்டைக்கும் இதேதான். பக்கத்துக்குச் சாதாரணத் தையலும் ஓவர்லாக்கும் போட்டு, தோளுக்கு மட்டும் பிரெஞ்சுத் தையல் போடுங்கள்.

தையலை ஒட்டித் துணி விலகிக் கிழிகிறது

தையல் நூல் அறுந்திருக்காது. தையலுக்குப் பக்கத்தில் இழைகள் ஒதுங்கி, சல்லடை போலத் துணி பிளந்திருக்கும். என் கையால் தைத்த ஒரு ஜார்ஜெட் குர்த்தி ஒரு கல்யாண வீட்டில் இடுப்பருகே இப்படி விலகிப்போனது. தையல் அவ்வளவு நேர்த்தியாக இருந்தது, அதைச் சுற்றித் துணி இல்லை. அன்று அதைப் போட்டிருந்தவர் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பிடிப்பான அளவில் தைத்ததுதான் காரணம். பிரெஞ்சுத் தையல் தனக்கு வெளியே துணியைக் காப்பாற்றாது, தன் உள்ளே இருக்கும் விளிம்பை மட்டும்தான் காக்கும். நெசவு நெருக்கமில்லாத துணியில் உட்காரும்போது இழுபடும் இடங்களில் உடம்பளவுக்கு மேல் மூன்று நாலு இஞ்சாவது தொளதொளப்பு விடுங்கள். பிடிப்பாகத்தான் வேண்டும் என்றால் உள்ளே லைனிங் கொடுத்து, இழுப்பு லைனிங்கில் விழும்படி அதை அரை இஞ்ச் சின்னதாக வெட்டுங்கள். விலகத் தொடங்கிய உடுப்பைக் காப்பாற்ற, விலகிய இடத்தைத் தாண்டி உள்ளே புதிதாக ஒரு தையல் போட இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பக்கத்தில் நெடுக ஒரு பட்டி சேர்ப்பதைத் தவிர வழியில்லை.

மறந்துபோய் நல்ல பக்கத்தைச் சேர்த்து முதல் தையல் போட்டுவிட்டேன்

எல்லோருக்கும் நடக்கும். பிரிக்க வேண்டிய அவசியம் இல்லை, வெட்டிக் குறைக்காமல் இருந்தால். இரண்டு விளிம்பையும் ஒன்றையொன்று பார்க்க உள்ளே மடித்து, மடிப்புகள் இரண்டும் சேரும்படி தேய்த்து, அந்த ஓரத்திலேயே ஒரு தையல் ஓட்டுங்கள். பார்க்க பிரெஞ்சுத் தையல் போலவே இருக்கும். ஆனால் தையலுக்கு அரை இஞ்ச் முழுதாக விட்டு அடித்திருந்தால்தான் மடிக்கத் துணி கிடைக்கும். கால் இஞ்சில் அடித்திருந்தால் பிரித்துவிடுவதே மேல். மல் துணியில் பிரிக்கும்போது ஒரே இழுப்பாக இழுக்காமல், நாலு தையலுக்கு ஒன்றாக நூலை வெட்டி மறுபக்கத்திலிருந்து எடுங்கள்.

குர்த்தியின் சைடு ஓப்பன் தொடங்கும் இடத்தில் விளிம்பு வெளியே தெரிகிறது

மேலே மூடிய தையல், கீழே திறந்த ஓரம். இரண்டும் சேரும் அந்தப் புள்ளியில் வெட்டிய விளிம்பு எட்டிப்பார்க்கும். பலர் இந்த ஒரு இடத்துக்குப் பயந்தே குர்த்திக்கு பிரெஞ்சுத் தையல் போடுவதில்லை.

ஓப்பன் தொடங்கும் இடத்தில் இரண்டு துண்டிலும் சாக்கால் குறுக்கே கோடு போட்டுக்கொள்ளுங்கள். முதல் தையலை அந்தக் கோடுவரை மட்டும் ஓட்டி நிறுத்துங்கள். விளிம்பைக் கோடுவரை மட்டும் குறையுங்கள், கீழே தொடாதீர்கள். இப்போது கோட்டின் மேலேயே ஓரத்திலிருந்து உள்நோக்கி அரை இஞ்சுக்கு ஒரு இழை குறைவாக இரண்டு துண்டையும் கீறுங்கள். இந்தக் கீறல்தான் சாவி. கோட்டுக்கு மேலே உள்ள துணி திரும்பி பிரெஞ்சுத் தையலுக்குள் போகும், கீழே உள்ளது தனியாக விடுபட்டு ஓப்பனுக்கு மடங்கும். திருப்பித் தேய்த்து, இரண்டாவது தையலை அக்குளிலிருந்து கீறல் முடிகிற புள்ளிவரை கொண்டுவந்து, நூலைக் கையால் முடிந்துவிடுங்கள்.

கீழே விட்ட அரை இஞ்சைக் கால் கால் இஞ்சாக இரண்டு மடிப்பு மடித்து, ஒரு பக்கம் ஏறி, மேலே குறுக்கே போய், மறுபக்கம் இறங்கி ஒரே தையலாக அடியுங்கள். பிரெஞ்சுத் தையலின் வெட்டிய முனை அந்தக் குறுக்குத் தையலுக்கு அடியில் கிடக்கும். அதன்மேல் அதே நிற நூலால் கையாலேயே காஜாத் தையல் ஏழெட்டு, நெருக்கமாக, உள்பக்கத்திலிருந்து போட்டுவிடுங்கள். பேருந்தில் ஏறும்போது முதலில் இழுபடுவது இந்த இடம்தான்.